குட்டியின் கால் அளவு

அன்புள்ள உங்களுக்கு,

மாற்றலாகி வந்த இந்த ஊரில் நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இன்று வகுப்பில் பனிக்கரடிக் கதை சொன்னேன். பூமி சூடாகிப் பனி உருகியதால், அம்மாக் கரடி குட்டியை விட்டுவிட்டு இரை தேடி வெகுதூரம் போய்விடுகிறது. நாம் மின்சாரத்தை வீணாக்குவதும் ஒரு காரணம் என்றேன். அவ்வளவுதான், பிள்ளைகள் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். வேர்த்து ஊற்றியது. தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், கரடிக்காகப் பிள்ளைங்கள வேக வைக்கிறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மாக் கரடி வர்றதுக்குள்ள குட்டி வளந்துட்டா, அதுக்குக் குட்டிய அடையாளம் தெரியுமா டீச்சர்?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் பாப்பாவுக்குச் செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார், திருதிருவென்று விழித்தேன். அவள் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். அளவுக்கு ஒரு கால் போதும்தான். இருந்தாலும் இரண்டையும் வரையுங்கள்.

அவசரத்தில்,
பாப்பாவின் அம்மா