பிசைந்த கை

அனுராதாவுக்கு,

பிள்ளைக்கு டைபாய்டு வந்ததும், "உங்கம்மா வீட்டுல குடிச்ச தண்ணிதான் காரணம்" என்று வாசலில் நின்று கத்தினேன். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மயிலாடுதுறைக்கு, உங்கம்மா வீட்டுக்கே போய்விட்டாய்.

நம் வீட்டில் எல்லாரையும் சோதித்த டாக்டரம்மா நேற்று சொன்னார்: "பாட்டி, குழந்தைகிட்ட இருந்த கிருமியும் உங்க வயித்துல இருக்கிறதும் ஒரே வம்சம். மரபணு அப்படியே பொருந்துது. உங்களுக்குக் காய்ச்சல் வராது. ஆனா கைவழியா அடுத்தவங்களுக்குப் போகும்."

தினமும் பழையதைப் பிசைந்து ஊட்டியது இந்தக் கைதான்.

உன் கல்யாணப் பந்தியில் உங்கம்மா எனக்குப் பாயசம் வைக்காததை இன்னும் மறக்கவில்லை. ஆனால் இந்தப் பழி அவர்களுடையதல்ல. அதையும் அதே வாசலில் நின்று சொல்கிறேன், தெரு கேட்கட்டும்.

மாத்திரை சாப்பிடுகிறேன். பிள்ளையோடு வா. நீயே ஊட்டு. நான் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன் அத்தை