பதினோராம் படுக்கையின் ஜுரம்

3-9-1963, செவ்வாய்

இந்த வார்டுக்கு இருக்கிறது ஒரே தெர்மாமீட்டர். அது மீனம்பாள் சிஸ்டரின் இடுப்புப் பையில் இருக்கிறது. கேட்டால், உடைத்துவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள் என்கிறார். சரிதான். ஆனால் தெர்மாமீட்டர் ஒருவர் கையிலேயே இருந்தால் அவர் எழுதுவதுதான் ஜுரம், இல்லையா?

பெண்கள் வார்டில் படுக்கை இருபத்து நான்கு, ஆட்கள் இருபத்தொன்பது. ஐந்து பேர் தரையில் பாய் போட்டிருக்கிறார்கள். அது போக ஆண்கள் வார்டு, பிரசவ அறை. செஞ்சிக் கடைத்தெரு வியாபாரிகள் கமிட்டியாகச் சேர்ந்து நடத்தும் தர்ம ஆஸ்பத்திரி. மூன்று நர்ஸ் இருக்க வேண்டிய இடம். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருத்திக்கு சர்க்கார் வேலை கிடைத்தது. மிஞ்சியது சிஸ்டர் மட்டும். அப்புறம் ட்ரெயினிங் ஸ்கூலிலிருந்து இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கும் நான்.

நான் நர்சுக்குப் படிப்பதைவிட போலீசுக்குப் போயிருக்கலாம் என்பார் நைனா. கண்ணில் படுகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

5-9-1963

பதினோராம் படுக்கை. பெயர் உண்ணாமலை. ஊர் தொண்டூர். வயது முப்பத்தைந்து இருக்கும். போன மாதம் ஐந்தாம் தேதி குளிர்ஜுரம் என்று சேர்ந்தவள். சீட்டில் ஒவ்வொரு நாளும் 100, 100.4, 101.

இன்று அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கும்போது விரல் பட்டது. சில்லென்று இருந்தது. சிஸ்டர் பிரசவ அறைக்கு அவசரமாக ஓடியபோது பையை மேஜைமேல் விட்டுவிட்டுப் போனார். தெர்மாமீட்டரை எடுத்து அவள் நாக்கின் கீழ் வைத்தேன். 98.4.

சீட்டைப் பார்த்தேன். காலை 100.6. மாலை நான்கு மணிக்கு 101. நான் பார்த்தபோது மணி பன்னிரண்டு!

டாக்டர் சிங்காரவேலு காலையில் ஒரு மணி நேரம் வருவார். அப்புறம் கடைத்தெருவில் அவருடைய சொந்த கிளினிக். புதிதாகச் சேர்ந்தவர்களைத்தான் பார்ப்பார். மற்றவர்களுக்குச் சீட்டு. பதினொன்றின் சீட்டைப் பார்த்து, அதே மிக்ஸ்சரைத் தொடரச் சொல்லிவிட்டு நகர்ந்தார். இவருக்கும் தெரியுமோ?

7-9-1963

இரண்டு நாளாகக் கவனித்ததில்:

பதினொன்றுக்குப் பவுடர் பால் இரண்டு கரண்டி. மற்றவர்களுக்கு ஒன்று. சிஸ்டர் அவளை "உண்ணா" என்று கூப்பிடுகிறார். சொந்தமா? ஒரே ஊரா? சிஸ்டருக்கு ஆரணி. அப்படியானால் என்ன கொடுக்கல் வாங்கல்?

எப்போது வீட்டுக்குப் போவீர்கள் என்று அவளிடமே கேட்டேன். சிஸ்டர் சொல்ல வேண்டும் என்றாள். வீட்டில் யார் என்றதற்கு, அண்ணன் இருக்கிறார், அண்ணி இருக்கிறாள், புருஷன் இறந்து ஆறு வருஷம் என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "இங்க இருந்தா இன்னா நர்சம்மா?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் இருப்பதற்கு ஆசைப்படுகிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறேன்.

8-9-1963

மாதா பிறந்த நாள். பூசைக்குப் போக முடியவில்லை. சிங்கவரத்திலிருந்து வாந்திபேதி மூன்று பேர்.

11-9-1963

கண்டுபிடித்துவிட்டேன்.

டாக்டர் போன பிறகு பதினொன்று படுக்கையைவிட்டு எழுந்து புடவையை வரிந்து செருகிக்கொள்கிறாள். பெட்பேன் எடுக்கிறாள். துப்பட்டி மாற்றுகிறாள். ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைக்கிறாள். எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைக்கிறாள். ஏழாம் படுக்கைக் கிழவிக்கு ஊட்டிக்கூட விடுகிறாள். நான் ஆண்கள் வார்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் இத்தனையும் நடந்திருக்கிறது.

நேராகப் போய் சிஸ்டரைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நர்ஸ் வேணும்னு ஆறு தபா கமிட்டிக்கு எழுதிட்டேன், ஜோசப்பின். அனுப்பறோம் அனுப்பறோம்னுதான் சொல்றாங்க. இவள வூட்டுக்கு அனுப்பிட்டா அந்த வரிசையில பத்து பேர யாரு பாக்கறது? நீ ரெண்டு மாசத்துல போயிடுவ."

குணமானவளுக்குப் படுக்கையும் சோறும் கொடுக்கக் கூடாது என்பது கமிட்டி விதி. அதனால் ஜுரம். தினமும் ஜுரம்.

நம்பும்படியாகத்தான் சொல்கிறார். ஆறு முறை எழுதினேன் என்கிறாரே, ஒரு நகலாவது காட்டினாரா? நோயாளியை வேலைக்காரி ஆக்கி வைத்திருக்கிறார், அவளுக்கும் ஓசிச் சாப்பாடு. இருவருக்கும் லாபம். இருபத்து நான்காம் தேதி எங்கள் மேட்ரன் என் பயிற்சியைப் பார்க்க வருகிறார். அதுவரை வாயைத் திறக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

14-9-1963

நோயாளிகள் உண்ணாமலையை "சின்ன சிஸ்டர்" என்கிறார்கள்.

என்னை "ஏ பொண்ணு."

இரண்டரை வருஷம் படித்திருக்கிறேன். உடலில் எத்தனை எலும்பு என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இன்று ஏழாம் படுக்கைக் கிழவி நான் கொடுத்த மருந்தைக் குடிக்காமல், சின்ன சிஸ்டர் வரட்டும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள். எரிச்சல்தான். பொறாமையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. இது நியாயம் சம்பந்தப்பட்டது.

16-9-1963

நான்காம் படுக்கைக்குத் தொடையில் சீழ்க்கட்டி. காலையில் டாக்டர் கீறிவிட்டார். அவள் கட்டியில் சீழ் உறிஞ்சிய ஊசியைக் கழுவியது உண்ணாமலை. ஊசி அடைத்துக்கொண்டது. கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்தாள். கொதிக்க வைப்பதற்கு முன்னாலேயே. வெறும் கையால். அப்படிச் செய்யக் கூடாது என்பது முதல் வருஷப் பாடம்.

சொல்லவில்லை. குறித்து மட்டும் வைத்தேன். மேட்ரனிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

17-9-1963

பதினொன்று வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். காலையிலிருந்து. இடது கையாலேயே வேலை செய்கிறாள். நான் கிட்டே போனால் திரும்பிக்கொள்கிறாள்.

நேற்று நான் எண்ணியபோது பெனிசிலின் பதினான்கு குப்பி. இன்று பன்னிரண்டு.

கையில் என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல நர்சம்மா" என்றாள். ஒன்றுமில்லாத கையை யார் மூடி வைப்பார்கள்?

18-9-1963

நாளை கமிட்டிக்காரர் ராஜாராம் பார்வையிட வருகிறார். மணிலாக் கடலை எண்ணெய் மண்டிக்காரர், ஆஸ்பத்திரியின் செயலாளர். எனவே இன்றும் நாளையும் பதினொன்று நோயாளியாகவே படுத்திருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். படுத்துவிட்டாள். நன்றாகவே நடிக்கிறாள். நடுங்குகிறாள், முனகுகிறாள், சோறு வேண்டாம் என்கிறாள். நாடகக் கம்பெனியில் சேர்க்கலாம்.

சாயங்காலம் நான் அந்தப் பக்கம் போனபோது, "ஜுரமா இருக்குது நர்சம்மா" என்றாள்.

"ஒனக்குத்தான் சீட்டுல தெனமும் ஜுரம் இருக்குதே" என்றேன்.

எட்டாம் படுக்கைக்காரி சிரித்தாள். உண்ணாமலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சிஸ்டர் நின்றபடியே சீட்டில் 101 எழுதிவிட்டு ஆண்கள் வார்டுக்கு ஓடினார். சரியான பதில் சொன்னேன் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

19-9-1963

ராஜாராம் வந்தார். கழுவிய தரையைப் பார்த்தார், பால் பவுடர் டின்களைப் பார்த்தார், திருப்தி என்றார். நர்ஸ் விஷயத்தை சிஸ்டர் எடுத்தார். ஒருத்தியே இவ்வளவு அழகாகப் பார்த்துக்கொள்ளும்போது அவசரம் என்ன என்று சிரித்தார். பதினொன்று சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவர் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. வேலைக்குப் பயந்து படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். புதிதாக எட்டுப் பேர் சேர்ந்தார்கள். எல்லாப் பெட்பேனையும் நானே எடுத்தேன். ஆத்திரத்தில் அவள் படுக்கைப் பக்கம் போகவே இல்லை.

20-9-1963

104.8.

காலையில் துப்பட்டி மாற்ற முந்தானையை விலக்கினேன். ஆள்காட்டி விரல் கறுத்துப் போய் வீங்கி, முழங்கைக்கு மேல்வரை சிவப்புக் கோடு. ஊசிக் குத்து. பதினாறாம் தேதி.

டாக்டர் கீறினார். பெனிசிலின் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. நான்தான் போடுகிறேன். சேசுவே, காப்பாற்றும்.

குறைந்த அந்த இரண்டு குப்பி? நான்காம் படுக்கைக்குப் போட்டு எழுத மறந்தது. சிஸ்டர் சொன்னார். அவ்வளவுதான்.

21-9-1963, சனி

காலை பத்தேகாலுக்குப் போய்விட்டாள்.

இன்னா எழுதறது?

மாலை. டாக்டர் மரணச் சான்று எழுத உட்கார்ந்தார். சீட்டை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நாற்பத்தெட்டு நாள், ஒரு வேளை விடாமல் வெப்பம் எழுதப்பட்டிருக்கிறது. நீடித்த ஜுரம், கடைசியில் ரத்தத்தில் விஷம் என்று எழுதினார். "பேப்பர் கரெக்டா வச்சிருக்கீங்க சிஸ்டர்" என்றார். சிஸ்டர் தெர்மாமீட்டரைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தொண்டூரிலிருந்து அண்ணன் தங்கராசு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். எத்தனை நாளாக ஜுரம் என்று சீட்டைப் படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். 100. 100.4. 101. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாப்பத்தெட்டு நாளு ஜுரத்துல கெடந்துக்கீறா. மணிலா புடுங்கற வேலைன்னு ஒரு தபா கூட வந்து பாக்கலியே நானு."

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

22-9-1963

மறைத்தாள், மறைத்தாள் என்று எழுதினேன். ஏன் மறைத்தாள்? கை கெட்டுப்போனது தெரிந்தால் ஊசியைத் தொட விடமாட்டார்கள். வேலை செய்ய முடியாவிட்டால் அவளுக்கு இங்கே என்ன இடம்? தொண்டூருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குத்தான் பயந்திருக்கிறாள்.

பதினெட்டாம் தேதி சாயங்காலம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? தெர்மாமீட்டர்கூட வேண்டாம். புறங்கை போதும். சிஸ்டருக்கு நேரமில்லை, அவர் ஐம்பது பேருக்கு ஒருத்தி. எனக்கு நேரம் இருந்தது. நக்கல் பேச நேரம் இருந்தது.

வார்டில் எல்லோரையும் நான் சந்தேகப்பட்டேன். என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை. சிஸ்டர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

24-9-1963

மேட்ரன் வந்தார். என் குறிப்புகளையெல்லாம் கொடுத்தேன். பதினாறும் பதினெட்டும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார்.

இது வெளியே போனால் மீனம்பாளுக்கு வேலை போகும், அப்புறம் அந்த ஐம்பது பேரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். குறிப்புகளைத் திரும்பப் பெற்று மடித்து வைத்தேன். என் பயிற்சி நோட்டை வாங்கி ஒரு வரி எழுதினேன்: "18-9-63 அன்று நோயாளி ஜுரம் என்று என்னிடம் சொன்னார். நான் பார்க்கவில்லை." கீழே கையெழுத்துப் போட்டேன்.

"இத எழுதினா ஆறு மாசம் மறுபடியும் ட்ரெயினிங் பண்ணணும், தெரியுமா?" என்றார் மேட்ரன்.

தெரியும் என்றேன். அந்த ஆறு மாதமும் இங்கேயே கொடுங்கள் என்று கேட்டேன். மறுபடியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். இவள் ஏன் கேட்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

29-9-1963, ஞாயிறு

சிஸ்டரிடம் அரை நாள் கேட்டு, தொண்டூருக்கு பஸ் ஏறினேன். தங்கராசு களத்தில் மணிலாக்கொட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாளில் குணமாகிவிட்டாள், அப்புறம் வார்டில் வேலை செய்தாள், கடைசி நான்கு நாள்தான் ஜுரம், அதையும் நான் நம்பவில்லை. நீங்கள் வந்து பார்க்காததால் ஒன்றும் ஆகவில்லை, என்னால்தான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் வேறொன்று கேட்டார்.

"நல்லா இருந்தவ ஏன் வூட்டுக்கு வரல?"

அவர் மனைவி முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். தங்கராசு எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பஸ் வரும் வரை கூடவே நின்றார்.

9-10-1963

ஸ்கூலிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. மார்ச் கடைசி வரை செஞ்சிதான். நைனாவுக்கு எழுதினேன், காரணத்தையும் சேர்த்து.

15-10-1963

பதினோராம் படுக்கையில் இப்போது மேல்சித்தாமூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. குணமாகி இன்று வீட்டுக்குப் போனாள். இன்னும் நாலு நாள் இருக்கட்டுமா என்று கேட்டாள். சிஸ்டர் சீட்டில் 98.4 எழுதி, கையில் கொடுத்து அனுப்பினார்.

21-10-1963

சிஸ்டர் போன வாரம் கமிட்டிக்கு ஏழாவது முறையாக எழுதியிருந்தார். இந்த முறை என்னையும் படிக்கச் சொன்னார். பழைய ஆறின் நகல்களும் அந்த ஃபைலிலேயே இருந்தன. தேதி வாரியாக.

இன்று பதில் வந்தது. ராஜாராம் கையெழுத்து. சிஸ்டர் சத்தமாகப் படித்தார்.

"பயிற்சி மாணவி ஜோசப்பின் தொடர்ந்து இவ்விடம் இருப்பதால், நர்ஸ் நியமனம் தற்சமயம் அவசியமில்லை என்று கமிட்டி கருதுகிறது."

இரண்டு முறை படித்தார். என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மடித்து ஃபைலில் செருகினார். அதற்குள் பிரசவ அறையிலிருந்து குரல் வந்தது. அவர் அங்கே போனார். நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு முதல் படுக்கையிலிருந்து ஆரம்பித்தேன்.