தலையெண்ணெய் பாட்டில் வேண்டாம்

ரிங்லெட்,
நவம்பர் 9.

அன்பு மகன் ஜெஃப்ரிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஃபியோனாவும் இங்கே நலம், அங்கே நீயும் நலமா என்று வழக்கம்போல் எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. நீ நலமில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஃபியோனா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், உன் தங்கையைத் திட்டாதே, நான் விடாமல் பிடுங்கித்தான் வாங்கினேன். பனியில் கார் சறுக்கி முதுகு அடிபட்டதைச் சின்னக் காயம் என்று சொல்லி முடித்துவிட்டாயே, நாலு வருஷமாக அந்த வலியோடுதான் இருக்கிறாயாமே. டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைக் கெடுத்து, கடைசியில் இந்தச் சணல் எண்ணெய் வந்த பிறகுதான் உன்னால் தூங்க முடிகிறது, அது இல்லாமல் ப்ளேனில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றுதான் ஊருக்கு வராமல் இருந்தாய் என்றாள். நாங்கள் என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டிருந்தோம் ஐயா. இதைப் போனில் பேச எனக்குப் பயம், அந்தப் பெயரைச் சொன்னாலே யாரோ கேட்பது மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கரேன் படிப்புக்கு உங்கள் டென்வருக்குத்தான் திரும்பிப் போகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

மழை விடவில்லை, துணி காய மாட்டேன் என்கிறது. அப்பாவுக்குச் சளி, ஆனாலும் காலையில் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார். நான் எதற்கு எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். நீ கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயாம், அந்த எண்ணெயைத் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவரப் போகிறேன், யாருக்கும் தெரியாது என்று ஃபியோனாவுக்கு எழுதியிருந்தாயாமே. அதைக் கேட்டதும் உன்னைத் திட்டி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால் விஷயம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டாமா, அதனால் விசாரிக்க ஆரம்பித்தேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

முதலில் ஃபியோனா போனில் படம் காட்டினாள். சாக்குத் தைக்கிற சணல் இல்லையாம், கஞ்சாவும் இந்தச் சணலும் ஒரே ஜாதிச் செடியாம், இதில் போதை ஏறுகிற சத்து இல்லாத மாதிரி அவ்வளவு குறைச்சலாம், அதனால் உங்கள் ஊரில் கடையில் வைத்தே விற்கிறார்களாம். நம் தேயிலைக் கொழுந்தும் ஒரே செடிதான், பச்சைத் தேயிலை கறுப்புத் தேயிலை என்று ஃபேக்டரியில் நாம்தானே ஆக்குகிறோம், அப்படியா என்று கேட்டேன். இல்லை, இது செடியிலேயே வித்தியாசம் என்றாள். எனக்கு இன்னும் நிறையக் கேட்க இருக்கிறது. அதை எப்படிச் சாப்பிடுகிறாய், கசக்குமா, என்ன வாசனை அடிக்கும், குடித்தால் வலி போகிறதா இல்லை வலி இருந்தும் மறந்து போகிறதா? கோலா தெர்லா பக்கம் முட்டைக்கோசு போடுகிற மண்ணில் அது முளைக்குமா என்றுகூட நினைத்தேன், அதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்து தானா ராத்தா ஃபார்மசிக்குப் போனேன். சாப்பாட்டுக் கடை ஸுல்கிஃப்லி மகள் ஹஸ்லினா அங்கேதான் மருந்து கொடுக்கிறாள். காதுக்கிட்டே போய்க் கேட்டேன், பாவம் அந்தப் பிள்ளை என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டது. அங்கே ப்ளேனில் ஏறும்போது ஒன்றும் சொல்ல மாட்டார்களாம், இறங்குகிற ஊர் சட்டம்தான் பேசுமாம், இங்கே அந்த எண்ணெயும் கஞ்சாக் கணக்கில்தான் சேருமாம், நடுவில் சிங்கப்பூரில் ப்ளேன் மாறினாலும் அதே ஆபத்துதானாம். அப்படியென்றால் நடுக்கடலுக்கு மேலே பறக்கும்போது எந்த ஊர் சட்டம் என்று கேட்டேன், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, “ஆன்ட்டி, அங்க வாங்குன பில்லு, லேப் சர்டிபிகேட் எதுவும் இங்க செல்லாதுலா. ஒரு சொட்டும் வேணாம்னு சொல்லுங்க” என்றாள். இங்கே அனுமதி உள்ள வேறு வலி மருந்து பயணத்துக்கு ஒத்துவருமா என்று அங்கே உன் டாக்டரிடம்தான் கேட்க வேண்டுமாம்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் மார்க்கிடம் கேட்டுவிட்டேன். கோயிலில் கித்தார் வாசிக்கிற பிள்ளைதானே என்ற நினைப்பு, அவன் போலீசில் இருக்கிறான் என்பது கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. யாருக்காக ஆன்ட்டி என்றான், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன். கித்தாரைக் கீழே வைத்தான். “பாட்டில மாத்தி ஊத்திக் கொண்டு வர்றவன்தான் ஆன்ட்டி வசமா மாட்டுவான். மறைச்சிட்டான்னா, அப்பறம் அது மருந்துன்னு எவன் நம்புவான்?” என்றான். பாட்டில் என்ற வார்த்தையே நான் எடுக்கவில்லை ஜெஃப்ரி.

அன்றைக்கே அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். டாலரைப் பார்த்ததும் பையன் நம்மை மறந்துவிட்டான் என்று நாலு வருஷமாகப் புலம்பியவர், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, “அவன் அவஸ்தைப்பட்டு வர வேணாம். நம்ம போலாம்” என்றார். கேபிள் காரிலேயே பயந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்த மனுஷன். மறுநாள் கோட்டு போட்டுக்கொண்டு பாஸ்போர்ட் எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விசா கிடைக்குமா என்று தெரியாது, கோலாலம்பூரில் நேரில் வரச் சொல்லிக் கேள்வி கேட்பார்களாம். எனக்கு அதுவும் ஆசையாகத்தான் இருக்கிறது, என்ன கேட்பார்கள் என்று பார்க்க வேண்டும்.

அதனால் இப்படிச் செய். உன் டாக்டர் வேறு மருந்து கொடுத்து, அதில் உன்னால் உட்கார முடிந்தால் வா, அந்த எண்ணெய் அங்கேயே இருக்கட்டும். முடியாது என்றால் டிக்கெட்டைத் தள்ளிப் போடு, ஈஸ்டருக்குப் பிறகு நாங்கள் வரப் பார்க்கிறோம். உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை எழுதினால் நீ எப்படியாவது கிளம்பிவிடுவாய், அதனால் எழுதவில்லை. பையைக் கட்டும் முன்னால் பழைய கோட்டுப் பாக்கெட், மருந்துப் பெட்டி எல்லாம் அந்த எண்ணெய் ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார், அதை மறக்காதே. மாதா உன் முதுகைத் தொட்டு வலியை இறக்கட்டும். நீ நல்லாத் தூங்கு ஐயா.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
தெரசம்மாள்.

கீழே அப்பா எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார்:

தம்பி, வலி எந்த இடத்தில், மேலேயா இடுப்புக்கிட்டேயா? உட்கார்ந்தால் அதிகமா, நின்றால் அதிகமா? எழுது. – லியோனார்ட்.