தீவுக்குப் படிக்கப் போகிறாள்

2009 ஆகஸ்ட் 21, வெள்ளி

மகள் டிலானிக்குக் கடலுயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரி ஸ்கொட்லாந்தின் வடகோடியில் ஒரு தீவில்.

பிட்டில் வைத்த கையை எடுக்காமலே இவர் கத்தினார். "பத்துக்கு மேலை எங்கடை தீவிலை வகுப்பில்லையெண்டு லோஞ்சிலை கடல் கடந்து யாழ்ப்பாணம் போய்ப் படிச்சவன் நான். நீ லண்டனை விட்டிட்டுத் தீவுக்குப் படிக்கப் போறியோ?"

"ஓம் அப்பா. வெம்பிளியிலை கடல் இல்லையே," என்றாள். சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தேன்.

அவளுக்குப் புத்தி சொல்லட்டும் என்று பாரிஸிலிருக்கும் என் அண்ணையைப் போனில் பிடித்தார். அண்ணை யாழ்ப்பாணப் பட்டினத்தில் வளர்ந்தவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவரைத் தீவானென்று பகிடி பண்ணுகிறவர். அவரிடமா போவது?

"தீவுக்குப் போய் ஆர் மச்சான் படிக்கிறது?" ஸ்பீக்கரில் அண்ணையின் சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது.

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன், தீவிலை படிச்சால் படிப்பில்லையோ? அவள் போறாள்!" என்று போனை வைத்துவிட்டார்.

டிலானி என்னைப் பார்த்தாள். நான் பிட்டைப் பார்த்தேன்.

அவ்வளவு தூரத்தில் அவள் தனியே எப்படி... அதை நாளைக்கு யோசிக்கலாம். இவர் கப்பல் நேர அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும் கப்பல்களுக்கு மட்டும் சிவப்பில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.