வேற எதுவும் ஆவலயே

இன்று காலை வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். தோலில் நகம் பட்டு வாசனை எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. உன் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

என்னை அடித்துப்போட்ட நாளிலிருந்தே தொடங்குகிறேன். தவளக்குப்பம் பக்கம் செருப்புக் கம்பெனியில் நீயும் நானும் அடுத்தடுத்த மிஷினில் தைத்துக்கொண்டிருந்த காலம். அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, பஸ் இறங்கி, நெல்லித்தோப்பில் எங்கள் சந்துக்குள் திரும்பினேன். பைக்கில் வந்த இரண்டு பேர் செயினைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடவில்லை. பின்னால் இருந்தவன் இறங்கி முகத்தில் குத்தினான். விழுந்த பிறகும் உதைத்தான். தோள் எலும்பு முறிந்தது, தாடையில் ஒன்பது தையல்.

வீடு கொள்ளாத கூட்டம். ஸ்டேஷனில்கூட நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துத்தான் விசாரித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கிளம்பும்போது ஒன்றையே சொன்னார்கள்: "நல்லவேள, செயினோட போச்சு. வேற எதுவும் ஆவலயே."

நானும் அந்த ஆறுதலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீ உப்பளம் கடைத்தெருவிலிருந்து சாத்துக்குடி வாங்கி வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாய். உன் எதிரிலேயே எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன்: "வேற எதுனா ஆயிருந்தா நான் உசுரோடவே இருந்திருக்க மாட்டேன்கா."

நீ தலை நிமிரவில்லை. ஒவ்வொரு சுளையாக விதை எடுத்துத் தட்டில் வைத்தாய்.

இரண்டு மாதம் கழித்து, தோள் கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட வந்தாய். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "ஒண்ணு சொல்றேன், கத்தாத" என்றாய். "எனக்கு ஆயிருக்குடி. நீ சொன்னியே, அந்த வேற எதுவும்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. என் சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பு, சாப்பாட்டு நேரத்தில், நூல் வாங்க ஸ்டோர் ரூமுக்குப் போயிருக்கிறாய். ஸ்டோர் பொறுப்பில் இருந்தவன் கதவைச் சாத்தியிருக்கிறான். அதற்கு மேல் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நான் உசுரோடதான் இருக்கேன். தப்பாடி?" என்றாய்.

என் வாயிலிருந்து முதலில் வந்தது, "உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்பதுதான். நான் முகம் வீங்கிக் கிடந்தபோது ஒருத்தரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை.

நீ சொன்ன பிறகு அவர் ஒரு மாதம் உன்னிடம் பேசவில்லை. பிறகு அவரே உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தார். நானும் வந்தேன். "நூல் வாங்க தனியா ஏன் போன?" என்று அங்கிருந்த போலீஸ் அம்மா கேட்டார். சந்துக்குள் ஏன் தனியாகப் போனாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவன் கைதாகி ஜாமீனில் வந்தான். கம்பெனியில் உன் குழம்பைப் பங்கு போட்டுத் தின்றவர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். "சிரிச்சுப் பேசினுதான இருக்கா, அப்படி ஆன மாதிரி தெரியலியே" என்றார்கள்.

இதில்தான் எனக்குக் குழப்பம். நீ அதே பஸ்ஸில் அதே வேலைக்குப் போனாய். நான் வேலையை விட்டுவிட்டேன். பைக் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். முதலில் பாவம் பார்த்தவர்களே ஆறு மாதத்தில் அலுத்துக்கொண்டார்கள். "செயின்தான போச்சு, இன்னும் எத்தினி நாளுக்கு?" என் உடம்பில் விழுந்த உதையை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒரு நாள் ஆற்றாமையில் உன்னிடமே சொல்லிவிட்டேன்: "நீ பரவால்லடி, தைரியமா நடமாடற. எனக்குத்தான் முடியல."

உனக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "நீ பயந்தா தண்ணி குடுத்து உக்கார வெக்கறாங்க. நான் பயந்தா, 'பாத்தியா, அது ஆனதாலதான்'னு பேசுவாங்க. பயப்படக்கூட எனக்கு எடம் இல்லடி."

அப்புறம் இருவரும் அழுதோம். யாருடையது பெரிது என்று அதற்குப் பிறகு பேசவில்லை. பேசாததால் அந்தக் கேள்வி போய்விடவும் இல்லை.

டெங்குவில் ஆறே நாளில் போனாய். உன் சாவு வீட்டில் ஒருத்தி, "அந்த அசிங்கத்த நெனச்சு நெனச்சே போயிட்டா" என்றாள். "டெங்குங்க! டெங்கு காய்ச்சல்ல செத்தா!" என்று கத்தினேன். எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நீ இல்லாமலே வழக்கு நடந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் நீ சொன்னதைச் சொல்ல என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். கோர்ட்டுக் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன். அவன் பக்கத்து வக்கீல் திடீரென்று, "உங்களுக்கும் அந்த மாதிரி ஏதோ நடந்துச்சாமே?" என்றார்.

"ஐயோ, இல்லீங்க! எனக்கு செயின்தாங்க!"

அவ்வளவு அவசரமாக வந்தது. ஏதோ அழுக்கு ஒட்டிவிடப் போகிறது என்பதுபோல் உதறினேன். வெளியே காத்திருந்த உன் வீட்டுக்காரர், "நல்லா சொன்னீங்களாமேக்கா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்றேனே, இதைத்தான்.

போன வாரம் தீர்ப்பு வந்தது. அவனுக்கு ஜெயில். பேப்பரில் நான்கு வரி. அதில் நீ 'பெண் தொழிலாளி ஒருவர்', அவ்வளவுதான். என்னை அடித்த செய்தியில் என் பெயர், வீட்டுக்காரர் பெயர், தெரு எல்லாம் போட்டிருந்தார்கள். அந்தப் பேப்பரை நான் எத்தனையோ பேரிடம் எடுத்துக் காட்டியிருக்கிறேன். உன் பெயரை மறைப்பது உன்னைக் காப்பாற்றத்தான் என்று சட்டம் சொல்கிறது, சரிதான். ஆனால் ஜெயித்தது யார் என்று ஊருக்கு யார் சொல்வது?

உனக்கு எழுதுகிற இந்த மடலிலும், முதல் வரியிலிருந்து இதுவரை, உன் பெயரை நான் எழுதவில்லை. எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேனா, நானும் ஒளித்து வைக்கிறேனா, எனக்கே தெரியவில்லையடி.