காதர் பாயைப் பற்றி நீ பேசிய மாலை

நேற்று குகட்பள்ளியில் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் போனில் சார்ஜ் ஏறவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், தலையைக் குனிந்து, சால்டரிங் கம்பியை ஈயத்தின் மேல் வைத்தாள். மெல்லிய புகை சுருண்டு வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். "என்ன ஆன்ட்டி, லேட் ஆகுதா?" என்று அவள் தெலுங்கில் கேட்டாள். இல்லையம்மா, மெதுவாகவே செய் என்றேன். அவள் மெதுவாகத்தான் செய்தாள். அவ்வளவு நேரமும் நீ என் பக்கத்து நாற்காலியில் இருந்தாய்.

உன் மகள் போன் செய்து, "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்று சொல்லிப் பதினோரு மாதம் ஆகிறது.

குஷாய்குடா தொழிற்சாலையில் நம் சால்டரிங் கூடத்தில் முப்பதுக்கு மேல் பெண்கள். இரண்டு நீண்ட மேசைகள். ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு பூதக்கண்ணாடி. நீ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். உன் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. நானோ செகந்திராபாத்திலேயே நான்காம் தலைமுறை. வந்த முதல் நாள் நீ என் இடுக்கியை எடுக்கப் போனாய். "நக்கோ நக்கோ, அது என்னோடது" என்றேன். நீ கையை உதறிக்கொண்டு, "ஏட்டி, என்னத்த நக்கச் சொல்லுத?" என்று கேட்டாய். மேசை முழுக்கச் சிரித்தது. 'நக்கோ' என்றால் வேண்டாம் என்று நான் விளக்கியது யார் காதிலும் விழவில்லை. அன்றே சிநேகிதிகளாகிவிட்டோம். என் தமிழைத் திருத்துவதை நீயும், உன் தெலுங்கைப் பார்த்துச் சிரிப்பதை நானும் கடைசிவரை விடவில்லை.

காலையும் மாலையும் நம்மை ஏற்றிச் சென்றது காதர் பாய் ஓட்டிய கம்பெனி பஸ். வெள்ளைத் தாடி, வெற்றிலைக் கறை படிந்த பல், அதிகம் பேசாத மனிதர். எத்தனையோ வருஷமாகத் தமிழ்ப் பெண்களின் வாயாடலைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தமிழ் பாதி புரியும், பேச வராது. அவருடைய உருது எனக்குச் சரளமாக வரும் என்பதால் என்னிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசுவார்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. பொங்கலை ஒட்டித் தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம் என்று அறிவித்தார்கள். நாட்டின் தலைசிறந்த குடிமகன் என்று அழைக்கத் தகுந்தவர் ஆட்சியாளரா, விஞ்ஞானியா, போர்வீரரா? நான் விஞ்ஞானி அணி. உன் தம்பி ராணுவத்தில் இருந்ததால் நீ போர்வீரர் அணி. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தேநீர் இடைவேளை யுத்தகளமாகிவிட்டது.

"உன் விஞ்ஞானி தப்பாக் கணக்குப் போட்டா அழிச்சிட்டு எழுதுவான். எல்லையில நிக்கவன் தப்புப் பண்ணா அழிக்க ரப்பர் இருக்காட்டி?" என்பாய்.

"விஞ்ஞானி இல்லேன்னா உன் சிப்பாய் கையில் கம்புதான் இருக்கும்" என்பேன்.

நீ வாயை மூடிக்கொண்டு சிரிப்பாய். மறுநாள் அதற்கொரு பதிலோடு வருவாய். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாகக் காலையில் வேலைக்குக் கிளம்பியது அந்த மாதம்தான்.

அதற்கு நடுவில்தான் அந்த நாள் வந்தது. பழைய நகரத்தில் கலவரம், பல இடங்களுக்குப் பரவிவிட்டது என்று மதியமே செய்தி. சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நாற்பது பேர் பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் ஒரு முச்சந்தியில், கையில் தடிகளோடு இருபது முப்பது பேர் மறித்தார்கள். ஒருவன் படியில் ஏறி, டிரைவர் பேர் என்ன என்று தெலுங்கில் கேட்டான். காதர் பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேயே பிறந்து தெலுங்கைத் தண்ணீராகப் பேசும் நான், முழங்காலுக்குள் தலையைப் புதைத்திருந்தேன். பத்து வார்த்தை தெலுங்கு தெரிந்த நீ எழுந்து நின்றாய். "ராஜு. மா ராஜு அன்னா" என்றாய், எங்கள் ராஜு அண்ணன் என்று. அவன் உன் பொட்டைப் பார்த்தான், தாலியைப் பார்த்தான், இறங்கிவிட்டான். பஸ் நகரும்போது பின்னாலிருந்து யாரோ எறிந்த கல் கண்ணாடியை உடைத்தது. சில்லு பட்டு அவர் புருவம் கிழிந்தது. கைக்குட்டையால் கட்டிக்கொண்டு ஓட்டினார். நிறுத்தத்தில் இறக்கிவிடுவதுதான் விதி. அன்று அவர் ஒவ்வொருத்தியையும் அவளவள் தெருமுனை வரை கொண்டுபோய், வாசலுக்குள் நுழையும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போனார். அவர் வீடு பழைய நகரத்தில்; அங்கே போகத்தான் வழியில்லை. ஊரடங்கு தளரும் வரை இரண்டு நாள் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் பஸ்ஸிலேயே கிடந்தாராம்.

பட்டிமன்றம் நடந்த மாலை, நான் நன்றாகத்தான் பேசினேன். கைதட்டலும் இருந்தது. பிறகு நீ வந்தாய். பழுப்புப் பட்டுச்சேலை, கையில் நான்காக மடித்த தாள். பனியைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் இரண்டு நிமிஷம் பேசினாய். அப்புறம் தாளை மேசையில் வைத்துவிட்டாய்.

"எல்லையில நிக்கவங்கள நான் பார்த்ததில்ல. ஆனா ஒருத்தரப் பார்த்திருக்கேன்" என்று ஆரம்பித்தாய். பஸ்ஸையும், கல்லையும், ரத்தத்தையும் சொன்னாய். நீ சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை. "முஸ்லிமா இருந்தும், நாற்பது இந்துப் பொண்ணுங்களப் பத்திரமா வீடு சேர்த்தாரே, எங்க காதர் பாய், அவர்தான் இந்த நாட்டோட தலைசிறந்த குடிமகன்!"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருந்தினர்களை அழைத்துவர அன்று பஸ் ஓட்டியவர் காதர் பாய்தான். கதவோரம் நின்றிருந்த அவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்; பிறகு வெளியே போய்விட்டார். கூச்சம் என்று நினைத்தோம். முதல் பரிசு உனக்கு.

திங்கள் காலை பஸ்ஸில் முதலில் ஏறுபவள் நான். வண்டியைக் கிளப்பாமல், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, 'இருந்தும்' என்றால் என்ன மகளே என்று அவர் தம் பாஷையில் கேட்டார். "பேட்டி, 'இருந்தும்' போலே தோ க்யா?"

நான் யோசித்தேன். அந்தக் கடைசி 'உம்'மை எப்படிச் சொல்வது? "ஹோகே பீ" என்றேன்.

"முஸல்மான் ஹோகே பீ..." என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தலையை ஆட்டினார். வண்டியைக் கிளப்பினார்.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் உன்னைச் சுற்றி நின்று பேச்சைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நான் டம்ளரை வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னேன். "காதர் பாய் காலையில் என்ன கேட்டார் தெரியுமா?" ஒன்று விடாமல் சொன்னேன். "முஸ்லிமா இருந்தும்னா என்ன அர்த்தம்? மத்தவங்க எல்லாம் நம்மைக் கொன்னு போட்டிருப்பாங்கன்னா?" என்று கேட்டேன். யாரோ ஒருத்தி, "பரிசு வாங்கின பேச்சாச்சே" என்று சிரித்தாள். உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நீ போய் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டாய்.

சாயங்காலம் வாசலில் எனக்காகக் காத்திருந்தாய். "அவர் வீடு எங்கன இருக்குன்னு தெரியுமாட்டி? நீ கூட வா. எனக்கு அவர் பாஷை தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை போனோம். பழைய நகரத்தில் ஒரு குறுகிய சந்து, பச்சைக் கதவு. அவர் மனைவி உப்பு பிஸ்கட்டும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். நீ பிஸ்கட்டைத் தொடவில்லை. "நான் சொன்னது தப்பு பாய். பெருமையாச் சொல்லுதோம்னு நெனச்சிட்டேன்" என்றாய். நான் மொழிபெயர்த்தேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு பேசியதை நான் உனக்குத் தமிழில் சொன்னேன். இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. "அந்த நாள் நீங்க என் பேரை மறைச்சீங்க. அது எனக்குப் புரிஞ்சது, அல்லா உங்களை நல்லா வைப்பான். மேடையில் என் பேரைச் சொல்லும்போது சந்தோஷப்பட்டேன். பாதியில் அது என் பேரா இல்லாம போயிடுச்சு." கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். "ஒன்பது வருஷமா இந்தத் தடத்தில் ஓட்டறேன். ஒரு நாள் பஸ் லேட் ஆனதில்லை. மழையில்கூட. என்னைப் புகழணும்னா அதைச் சொல்லியிருக்கலாம்."

நீ அழுதாய். பிறகு சிரித்தாய். அவரும் சிரித்தார். திரும்பும் வழியில் நீ என் கையை விடவே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நீ மேடை ஏறவில்லை. அடுத்த வருஷம் சங்கத்தார் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். "எனக்கு வேற சோலி கிடக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். நானும் கெஞ்சினேன். தேநீர் இடைவேளையில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பால் கார்டைப் பற்றியும் பேசினோம். வம்புக்கு இழுத்தால்கூட நீ வாதாடவில்லை. உன்னோடு சண்டை போட முடியாமல் போன அந்த வருஷங்களில், நீ பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே உனக்காக ஏங்கியிருக்கிறேன். பிறகு உன் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. கடிதங்கள், அப்புறம் வாழ்த்து அட்டைகள், அப்புறம் எப்போதாவது ஒரு போன்.

கடைசியாக நீ ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாய். குரல் நூலாக இருந்தது. எதையெதையோ பேசிவிட்டு, "அன்னைக்கு நீ மட்டும் சொல்லலேன்னா நான் அந்தப் பேச்சையே பெரிசா நெனச்சிட்டுத் திரிஞ்சிருப்பேன். எனக்கு நல்லது நெனச்சு மூஞ்சிக்கு நேரா சொன்னது நீ ஒருத்திதாம்ட்டி" என்றாய்.

அவர் என்னிடம் தனியாகத்தான் கேட்டார். நானும் உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். கூட்டத்தின் நடுவில் சொன்னது உன் நன்மைக்காக இல்லை. பஸ்ஸில் நீ எழுந்து நின்றாய், நான் தலையைப் புதைத்துக்கொண்டேன். மேடையில் நீ ஜெயித்தாய், நான் தோற்றேன். உன்னை ஒரு தடவையாவது தலை குனியவைக்க வேண்டும் என்று இருந்தது. காதர் பாயின் வலி எனக்குக் கிடைத்த ஒரு கல். அதை எடுத்து எறிந்தேன்.

இதை அன்று போனில் சொல்ல வாயெடுத்தேன். "என்னட்டி, கேக்குதா? நான் சொல்லுதது சரிதானே?" என்று கேட்டாய்.

"ஹவ்" என்றேன், ஆமாம் என்று.

உன்னிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல் அது. அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.