கரடியையும் ஆசீர்வதித்த அம்மாவுக்கு

என் ஆசை அம்மாவுக்கு,

அறிவித்தல். மொன்ட்ரியால் பார்க் எக்ஸ்டென்ஷனைப் பிறப்பிடமாகவும் எங்கள் பல்கனியை வதிவிடமாகவும் கொண்ட உங்கள் புதினாச் செடி, அப்பா அன்போடு ஊற்றிய அளவுகடந்த தண்ணீரால் நேற்றுக் காலமாகிவிட்டது. அன்னார் எண்ணற்ற சம்பல்களின் பாசமிகு தாயாராவார். உற்றார், உறவினர், அயலட்டை அணில்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மகன்.

“விசரா” என்று நீங்கள் செல்லமாகத் திட்டுவது கேட்கிறது. மொன்ட்ரியால் யூதக் குடும்பத்துப் பெண்ணான நீங்கள் அப்பாவுக்காகத் தமிழ் படித்தபோது, பிழையில்லாமல் வாயில் வந்த முதல் சொல் அதுதானாம். பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றுதான் என்னைப் பெற்றீர்கள் போல.

சரி, புதினாவை விட்டுப் புதினத்துக்கு வருகிறேன்.

உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு எங்கள் வெள்ளிக்கிழமைகள் குழம்பிவிட்டன. முன்பும் குழப்பம்தான். அப்பாவுக்கு வெள்ளி என்றால் மரக்கறி. உங்களுக்கு வெள்ளி பொழுதுபட்டால் ஓய்வுநாள், மெழுகுதிரி, கோழி சூப். கோழி எட்டியும் பார்க்காத கோழி சூப் ஒன்றைக் கண்டுபிடித்து நீங்கள்தான் சமாளித்தீர்கள். இப்போது சூப்பும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை. தங்கச்சி மட்டும் வெள்ளி பின்னேரம் வெறும் மேசைக்கு முன்னால் நின்று, நீங்கள் செய்வதுபோல இரண்டு கையாலும் கண்ணைப் பொத்துகிறாள். நாலு வயது மீராவுக்கு உங்களிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் எத்தனை நாளைக்கு?

நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போவீர்களே, இளம் குடும்பங்களின் வெள்ளி விருந்து, அதை நடத்தும் றேச்சல் அன்ரி அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தா. பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள், தாய் வழியில் அவர்கள் எங்கள் பிள்ளைகள் என்றா. அடுத்த நாள் அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, எடுத்தா. பிள்ளைகள் தகப்பன் வழி, கோயிலுக்குக் கூட்டிவா என்றா. இரண்டு பேர் சொல்வதும் சரியென்றால் நான் நூறு வீதம் யூதன், நூறு வீதம் தமிழன். கணக்குப் பாடத்தில் அறுபதைத் தாண்டாதவனுக்கு இருநூறு. இதை எங்கே கொண்டுபோய்ச் சரிபார்க்கிறது, அம்மா?

“அது அம்மாவின்ர இடம். அவ இல்லாமல் நான் போய் ஆராய் நிக்கிறது?” என்று அப்பா கேட்டார்.

கடைசியில் கண்ணைப் பொத்திய மீராவின் கையைப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிட்டார். நான் பாதுகாவலராக மட்டும் போனேன். ஓய்வுநாளுக்கென்று சடைபோலப் பின்னிச் சுடும் அந்தப் பாணுக்காகவும். பதினாறு வயதில் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் வாங்குகிற ஆள் நான் இல்லை. வெள்ளிகளில் ஆசீர்வதிக்க நீங்கள் கண்ணை மூடியதும் என் தலைக்குப் பதிலாக மீராவின் பொம்மைக் கரடியை நீட்டியவன் அல்லவா? நீங்களோ கரடிக்கு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, “இண்டைக்குத் தலை நல்ல மெத்தெண்டு இருக்கு” என்றீர்கள்.

யூதத் தொழுகைக்கூடத்தின் கீழ்த்தளம். மெழுகுதிரி கொளுத்தி முடிந்ததும் தாய் தகப்பன்மார் எல்லாரும் தங்கள் பிள்ளைகளின் தலையில் கை வைத்தார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. பிறகு சேர்ட் பொக்கற்றுக்குள் கையை விட்டார். கடதாசியில் மடித்த திருநீறு. வீட்டில் சாமி கும்பிட்டதும் செய்வாரே, அதேபோல மீராவின் நெற்றியில் இழுத்துப் பூசிவிட்டார்.

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேசைக்குக் கீழே இடம் பார்த்தேன். றேச்சல் அன்ரி கிட்ட வந்து, இது சாம்பலா என்று மெதுவாகக் கேட்டா. அவர்களுக்குச் சாம்பல் துக்கத்தின் அடையாளமாம். ஓய்வுநாளில் துக்கத்தை வெளியில் காட்டுவதில்லையாம். செத்த வீட்டுக்காரர்கூட அன்றைக்கு அதை இறக்கி வைப்பார்களாம். எங்களுக்கு இது காவல் என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு. அப்படியென்றால் மீராவின் நெற்றியில் அப்போது இருந்தது எது? இரண்டுமா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்பா வெளிக்கிட ஜக்கெற்றை எடுத்தார். மீரா அவருடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்தாள்.

“அம்மா வைக்கிற மாதிரி.”

“எனக்கு அந்தச் சொல்லுகள் தெரியாது, பிள்ளை.”

“எனக்கும் தெரியாது.”

அப்பா கையை எடுக்கவில்லை. “நல்லா இரு, பிள்ளை” என்றார். பக்கத்தில் நின்ற றேச்சல் அன்ரி ஹீப்ரு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தா. அவரும் சொன்னார். பாதிச் சொற்கள் யாழ்ப்பாணம் போய்த்தான் திரும்பி வந்தன.

மெட்ரோவில் வரும்போது, “வாற வெள்ளியும் போவம். பாண் நல்லா இருந்தது” என்றார். அவர் பாணைத் தொடவேயில்லை, அம்மா.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். மீரா இனி வெறும் மேசைக்கு முன்னால் கண் பொத்த மாட்டாள். மெழுகுதிரியை நான் கொளுத்துவேன். சொற்களை அப்பாவும் நானும் பாடமாக்குவோம். நாங்கள் ஆர் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் வாக்கில்லை. உங்களுக்குத் தெரிந்தால் கனவில் வந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. பாதுகாவலர் என்று எழுதினேனே. மீராவுக்குப் பிறகு நானும் போய் நின்றேன். அப்பாவுக்கு எட்டவில்லை, நான் முழங்காலை மடித்துக் குனிய வேண்டியிருந்தது. பகிடிக்கென்று கொண்டுபோன கரடி பைக்குள்ளேயே கிடந்தது. அவர் கையில் மிச்சமிருந்த திருநீறு என் தலைமயிரில் ஒட்டிவிட்டது. நான் இன்னும் முழுகவில்லை. ஷாம்பு முடிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தலை கொஞ்சம் மணக்கும்
உங்கள் மூத்தவன்,
ஆதி